நாற்பது நாளில் பன்னிரண்டு இராத்தல்

நான் வாசிக்கக் கற்றுக்கொண்டது கடைச் சாமான் சுற்றி வந்த காகிதத்தில்தான். தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வருஷம் போனேன், இல்லையென்று சொல்லவில்லை. அங்கே ஐந்து வகுப்புக்கும் ஒரே வாத்தியார். அவர் எங்கள் பக்கம் திரும்புவதற்குள் மணி அடித்துவிடும். எழுத்து தெரியும், சேர்த்துப் படிக்க வராது என்ற நிலையில் வெளியே வந்தேன். சேர்த்துப் படிக்க வைத்தது தீப்பெட்டியும், சவர்க்கார உறையும், பருப்புச் சுற்றி வந்த பழைய பத்திரிகையும், பஞ்சாங்கத்தின் பின்னட்டையும். அந்தப் பின்னட்டை விளம்பரங்களை இன்றைக்குக் கேட்டாலும் ஒப்பிப்பேன். முடி வளர ஒரு தைலம், வளர்ந்த முடி கறுக்க ஒரு தைலம், ஞாபகம் வர ஒரு லேகியம். லேகியத்தின் பெயர் மட்டும் இப்போது ஞாபகம் இல்லை.

இப்படிப் படித்தவனுக்கு ஒரு குறை உண்டு. அச்சில் இருப்பதையெல்லாம் நம்புவான். நான் மட்டுமல்ல, அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் எல்லாருமே அப்படித்தான். பிரஜாவுரிமைக்கு அந்தப் பத்திரம் கொண்டு வா, இந்தத் துண்டு கொண்டு வா என்று சனங்களை அலைய விட்டிருந்தார்கள். அதனால் அச்சடித்த காகிதம் எது கிடைத்தாலும் மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளில் அடுத்த அறையிலிருந்த காம்பராக்காரர் பிஸ்கட் டின்னில் ஒட்டியிருந்த தாளைக்கூடப் பக்குவமாக உரித்து வைத்திருந்தார். கேட்டால், "இருக்கட்டும் தம்பி, நாளைக்கு எவன் வந்து என்னாத்தைக் கேப்பானோ" என்பார்.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. ராகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அங்கே சல்லடை அறையில் நான். தூள் சலித்து, ரகம் பிரித்து, மாலையில் வெளியே வரும்போது புருவமெல்லாம் பழுப்பாக இருக்கும். தாய் தகப்பன் இல்லை. அக்காவோடும் மச்சானோடும் அவர்கள் காம்பராவிலேயே இருந்தேன்.

ஆள் மெலிவு. சாதாரண மெலிவல்ல, லயத்துச் சனங்களின் வாய்க்குத் தீனி போடுகிற மெலிவு. ஆளுக்கு ஒன்று சொல்லுவார்கள். "காத்து பலமா அடிக்குது தம்பி, பையில ரெண்டு கல்லைப் போட்டுக்க." இது ஒருத்தர். "நீயும் உன் நிழலும் சேர்ந்து வந்தா எவன் நிழலுன்னு எனக்குத் தெரியல." இது இன்னொருத்தர். தண்ணீர்ப் பீலியடியில் ஒரு நாள் ஒரு அக்கா கொடிப்பக்கம் வந்து, என்னைப் பார்த்துவிட்டு, "அட, காயப்போட்ட சட்டைன்னு நெனச்சுல்ல எடுக்க வந்தேன், உள்ளுக்குள்ள ஆளு இருக்கு!" என்றார். எனக்குக் கோபம் வராது. யார் என்ன சொன்னாலும் நல்லாச் சொன்னால் ரசித்துக்கொள்வேன், மறுநாள் ஸ்டோரில் நானே எடுத்துவிடுவேன்.

கோபம் வராமலே காலம் போயிருக்கும், நடுவில் ஒரு பெண் வராவிட்டால்.

எங்கள் லயத்தில் ஒரு சடங்கு வீடு. உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு கங்காணியார் குடும்பத்தோடு வந்திருந்தார். கொழுந்து நிறுக்கிற கங்காணி. நான் பந்தியில் சோறு பரிமாறிக்கொண்டிருந்தேன். அவருடைய இளைய மகள் இலையிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, "அந்தக் கூடையை அங்கிட்டு வச்சுட்டு நீங்களும் உக்காந்து சாப்பிடுங்க. பாத்தா எனக்குத் தொண்டைக்குள்ள எறங்கமாட்டேங்குது" என்றது. கேலிதான். ஆனால் எல்லாரும் என் உடம்பைப் பார்த்துச் சிரித்தார்கள், அந்தப் பெண் மட்டும்தான் என் வயிற்றைப் பற்றி யோசித்தது. கூடையை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அன்றைக்கே பேச்சைப் போட்டாள்.

கங்காணியார் கெட்டவர் இல்லை. வாசலில் நின்று அக்காவிடம் மெதுவாகத்தான் சொன்னார்.

"பையனைப் பத்தி நல்லபடியாத்தான் சொல்றாங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத புள்ளே. மூத்தவளைக் கட்டிக்கொடுத்து ரெண்டு வருசத்துல அந்தப் பையனுக்கு நெஞ்சுச் சீக்கு. கடைசியில குச்சி மாதிரி கெடந்தான். இப்ப எம் மக வெள்ளச் சேலையோட வீட்டுல இருக்கா. இன்னொருவாட்டி அதைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. உன் தம்பி ஒடம்புல கொஞ்சம் சதை பிடிக்கட்டும். தீவாளி கழிஞ்சு வாங்க, பாப்போம்."

அப்போது ஆவணி முடிகிற நேரம். தீபாவளிக்கு ஒன்றரை மாதம்தான் இருந்தது. அதற்குள் சதை பிடிக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பெண் வேறு வீட்டுக்குப் போய்விடும். அன்றிலிருந்து என் உடம்பு எனக்கு எதிரி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராகலை கடைவீதியில் ஒரு மோட்டார் கார் நின்றது. மேலே குழாய் வைத்த பாட்டுப் பெட்டி பாடிக்கொண்டிருந்தது. கோட்டும் தொப்பியுமாக ஒருவர், மனுஷன் உள்ளே எப்படி இருக்கிறான் என்று வரைந்த ஒரு சீலையைக் காரில் தொங்கவிட்டு, பிரம்பால் குடலைத் தொட்டுக் காட்டிப் பேசினார்.

"மலைநாட்டுத் தோழர்களே! உங்கள் இரத்தத்தை உறிஞ்சுவது எது? அட்டையா?"

"ஆமாங்க, அட்டைதாங்க!" என்றது கூட்டம். எல்லார் காலிலும் அட்டை கடித்த தழும்பு இருந்தது.

"இல்லை! தேயிலை! அதையே பறிக்கிறீர்கள், அதையே குடிக்கிறீர்கள். காலையில் சாயத்தண்ணி, மதியம் சாயத்தண்ணி, மாலையில் சாயத்தண்ணி. இரத்தம் வற்றாமல் என்ன செய்யும்?"

பின்னாலிருந்து ஒரு குரல், "தொரையும் அதைத்தானுங்களே குடிக்கிறாரு? அவரு உரலு மாதிரி இருக்காரே?"

அந்த மனிதர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "துரை பால் ஊற்றிக் குடிக்கிறார்!" என்றார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். இன்றைக்கும் சொல்கிறேன், பொய்யோ மெய்யோ, அது நல்ல பதில்.

பிறகு டின்னைத் தூக்கிக் காட்டினார். சிவப்பு டின். 'சர்வபுஷ்டி சூரணம்' என்று வளைத்து எழுதியிருந்தது. இடது பக்கம் ஒரு மெலிந்த ஆள், 'முன்பு' என்று போட்டு. வலது பக்கம் கொழுகொழுவென்று ஒரு ஆள், 'பின்பு' என்று போட்டு. கீழே, 'நாற்பது நாளில் பன்னிரண்டு இராத்தல் எடை கூடும். தேயிலை அறவே கலவாதது. தேயிலை, காப்பி குடித்து வற்றிய இரத்தத்தை ஊறச் செய்வது. உட்கொள்ளும் காலத்தில் தேயிலை ஆகாது.'

நான் அதைக் கூட்டத்துக்கு உரக்க வாசித்தேன். வாசித்ததில் எனக்கே ஒரு பெருமை. என் வாசிப்பில் இன்னும் நாலு பேர் வாங்கினார்கள் என்று நினைக்கிறேன். அந்த மனிதர் எனக்குச் சம்பளம் தந்திருக்க வேண்டும்.

டின்னோடு தோட்டத்துக்குத் திரும்பியபோது, மாதம் இரண்டு தரம் லயத்துக்கு வந்து முடி வெட்டுகிற அண்ணன் பெட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். டின்னை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இது ரெண்டு ஆளு."

"இல்லண்ணே. முன்பு, பின்பு. ஒரே ஆளு."

"நான் இருவது வருசமா காதைச் சுத்தி வெட்டுறவன். சதை கன்னத்துல வரும், தாடையில வரும், வயித்துல வரும். இந்தப் பக்கம் காது மண்டையோட ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. அந்தப் பக்கம் மடலு தொங்குது. எந்தத் தூளைத் தின்னு காதை மாத்துவான்?"

"அச்சுல போட்டிருக்காங்கண்ணே!"

"அச்சுல போட்டவனுக்கு நான் முடி வெட்டலையே" என்று சொல்லிவிட்டு அடுத்த தலையைக் குனிய வைத்தார்.

திங்கட்கிழமை தொடங்க வேண்டும் என்று டின்னில் இருந்தது. அதற்கு முன்னாலேயே தேயிலையை விட்டுவிடலாம் என்று அன்றைக்குச் சாயங்காலமே தேத்தண்ணி வேண்டாம் என்றேன். அக்கா பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். விஷயம் லயம் முழுக்கப் பரவியது. தேயிலைத் தோட்டத்தில் ஒருவன் தேத்தண்ணி குடிக்கவில்லை என்றால் சும்மாவா? "நோன்பா?" என்றார்கள். "வேதத்துல சேர்ந்துட்டியா?" என்றார்கள். கோயிலடிப் பாதிரியாரே குடிக்கிறாரே என்று ஒருவர் சந்தேகம் கேட்டார்.

மறுநாள் காலை எழுந்தால் தலை இரண்டாகப் பிளக்கிறது. கண்ணைத் திறக்க முடியவில்லை. "வற்றிய ரத்தம்" என்றேன் அக்காவிடம். "பாத்தியா, இத்தனை நாள் தெரியாம இருந்திருக்கு." சுடுதண்ணீரில் இரண்டு கரண்டி சூரணம் போட்டு, கலக்கிக் குடித்தேன். சுக்கு காரம், கருப்பட்டி இனிப்பு, அடியில் ஒரு துவர்ப்பு. கால் மணி நேரம் இருக்காது, தலைவலி போன இடம் தெரியவில்லை! கையிலும் காலிலும் ஒரு சுறுசுறுப்பு. ஸ்டோருக்கு ஓட்டமாகப் போனேன். போகிற வழியெல்லாம் டின்னின் பெருமை.

ஒரு நாள் காலையில் அவசரத்தில் குடிக்காமல் போய்விட்டேன். பத்து மணிக்குள் தலைவலி திரும்பி வந்தது. ஓடி வந்து குடித்தேன், போய்விட்டது. இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்? லயத்தில் மூன்று பேர் என்னைப் பார்த்தே அந்த டின்னை நம்ப ஆரம்பித்தார்கள்.

ஒரு வாரம் கழித்து, டின்னைத் துடைக்கும்போது அடிமடிப்போரமாக எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து தெரிந்தது. விளக்கடியில் பிடித்து வாசித்தேன். 'இத்துடன் பால், முட்டை, நெய், ஆட்டிறைச்சி ஆகியவற்றைத் தினமும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளவும்.'

அக்கா அடுப்படியிலிருந்து எழுந்தே வந்துவிட்டாள். "பாலும் முட்டையும் நெய்யும் ஆட்டுக்கறியும் தெனமும் தின்னா, இந்த டின்னுல ரோட்டு மண்ணை அள்ளிப் போட்டுக் குடிச்சாலும் சதை வைக்குமேடா!"

மச்சான் பீடியை எடுத்துவிட்டுச் சொன்னார், "அப்ப டின்னைக் குடுத்துட்டு ஆட்டை வாங்கு."

சொன்னாளே தவிர, மறுநாளிலிருந்து அக்கா தன் கோழி இட்ட முட்டையை யாருக்கும் கொடுக்கவில்லை. என் சோற்றுக்குள் புதைத்து வைத்தாள். வெளியே தெரிகிற மாதிரி வைத்தால் நான் மச்சான் தட்டில் போட்டுவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

எடை பார்ப்பது ஸ்டோரில். தேயிலைப் பெட்டி நிறுக்கிற தராசுக்காரர் என் கூட்டாளி. பெட்டியை முழுசாக நிறுத்து, வெறும் பெட்டியின் எடையைக் கழித்து, உள்ளே தூள் எவ்வளவு என்று கூவுவது அவர் வேலை. நான் தராசில் ஏறினாலும் அதே ராகத்தில்தான் கூவுவார்.

"மொத்தம் தொண்ணூத்தெட்டு ராத்தல்! பெட்டியைக் கழிச்சா உள்ளுக்கு ஒண்ணுமில்ல!"

பெட்டி கட்டுகிறவர்கள், ஆணி அடிக்கிறவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். பதினைந்தாம் நாள், தொண்ணூற்றெட்டு. முப்பதாம் நாள், தொண்ணூற்றேழு. தூக்கம் குறைந்துவிட்டது, பசியும் குறைந்துவிட்டது. படுத்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கும். ரத்தம் ஊறுகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

நாற்பதாம் நாளும் தொண்ணூற்றேழுதான். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அக்கா சிரித்த முகமாக இருக்கிறாள்.

"தீவாளியும் கழிஞ்சிருச்சு, பொண்ணு வீட்டுக்குச் சொல்லி அனுப்பிட்டேன். தம்பி பன்னெண்டு ராத்தல் கூடிட்டான், வர்ற ஞாயித்துக்கெழமை வாறோம்னு."

"யாருக்கா சொன்னா பன்னெண்டு ராத்தல்னு?"

"நீதானேடா வாசிச்ச! நாப்பது நாள்னு எழுதியிருக்கு, இன்னைக்கு நாப்பது."

அவளைக் குறை சொல்ல முடியாது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது, வாசிக்கத் தெரிந்த தம்பியை நம்பினாள். தம்பி டின்னை நம்பினான்.

இனி வழி ஒன்றுதான். உள்ளே இருந்து வராத சதையை வெளியே இருந்து சேர்க்க வேண்டும். மச்சான் பழைய துணி ஏலத்தில் எடுத்த வெள்ளைக்காரக் கம்பளிக் கோட்டு. அதற்கு உள்ளே அவருடைய ஸ்வெட்டர். அதற்கு உள்ளே என் ஸ்வெட்டர், ஒரு சட்டை, மூன்று பனியன். வயிறு இன்னும் ஒட்டியிருந்ததால் ஒரு துவாயை மடித்து அரைஞாணில் செருகினேன். காலுக்கு ஸ்டோர் காவல்காரரின் பூட்ஸ். ஸ்டோருக்குப் போய் இப்படியே தராசில் ஏறினேன்.

தராசுக்காரர் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மொத்தம் நூத்திப் பத்து! டேய், டின்னுல சொன்னதுக்கு மேலேயே ஒரு ராத்தல் கூடிப்போச்சுடா!"

"பெட்டியைக் கழிக்காதீங்கண்ணே" என்று கெஞ்சினேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா, மச்சான், நான் மூவரும் பஸ் ஏறினோம். நான் உட்கார்ந்த இருக்கையில் வழக்கமாக மூன்று பேர் இருப்பார்கள், அன்றைக்கு இரண்டு பேர்தான். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. மனுஷர் இடம் விட்டு உட்காருகிறார்கள்! உடப்புசல்லாவையில் இறங்கி, தோட்டத்துப் பாதையில் இரண்டு மைல் ஏற வேண்டும். பாதி வழியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. குடை ஒன்று, அது அக்காவுக்கு. கம்பளிக் கோட்டு குடித்த தண்ணீரை ஒரு மாடுகூடக் குடித்திருக்காது. நான் சேர்த்துக்கொண்டு போன பதின்மூன்று ராத்தல் இருபத்தைந்து ஆகிவிட்டது. மச்சான் பின்னால் வந்துகொண்டே, "நல்லா ஊறுதுடா, டின்னுல சொன்ன மாதிரியே" என்றார்.

கங்காணியார் வாசலிலேயே நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அடேயப்பா! ஆளே மாறிட்டீங்களே தம்பி! வாங்க வாங்க."

உள்ளே போய் உட்கார்ந்தோம். அடுப்பங்கரை வாசலில் வெள்ளைச் சேலையோடு மூத்த பெண். அவளுக்குப் பின்னால் ஒரு கண்ணும் கொஞ்சம் சிரிப்பும் மட்டும் தெரிந்தது. எனக்கு அது போதும். பேச்சு நல்லபடியாகத்தான் தொடங்கியது. ஸ்டோர், சம்பளம், மழை, பஸ். அப்போது எனக்கு ஒரு தும்மல் வந்தது.

ஒரு தும்மலுக்கு ஒரு வீடு அப்படி அடங்கிப்போய் நான் பார்த்ததில்லை. கங்காணியாரின் முகம் வெளுத்துவிட்டது. பெண்ணின் அம்மா ஓடி வந்தார்கள். "ஈரத்தோட உக்காரக் கூடாது சாமி, நெஞ்சுல கோத்துக்கும். கழட்டுங்க, அடுப்புல காட்டித் தாறேன்."

"இல்லீங்கம்மா, பரவால்லீங்க."

இரண்டாவது தும்மல். "கழட்டுங்க தம்பி!" என்றார் கங்காணியார். கொழுந்து நிறுக்கிற இடத்தில் அதட்டுகிற குரல்.

கோட்டைக் கழற்றினேன். அந்த அம்மா வாங்கிக்கொண்டார்கள். மச்சான் ஸ்வெட்டர். அதையும் வாங்கிக்கொண்டார்கள். என் ஸ்வெட்டர். அந்த அம்மா திரும்பிக் கணவரைப் பார்த்தார்கள். மச்சான் கூரைத் தகரத்தில் ஆணி எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தார். சட்டையும் ஈரம், அதுவும் போயிற்று. ஒவ்வொன்றுக்கும் நான் சிறுத்துக்கொண்டே வந்தேன். இரண்டாவது பனியனை உருவும்போது துவாய் தானாகவே நழுவித் தரையில் விழுந்தது.

கங்காணியார் அந்தத் துவாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மழை நாளில் கொழுந்துக் கூடையைப் பார்த்துக் கேட்கிற பழக்கத்தில், தன்னை மறந்து, "ஈரத்துக்கு எத்தனை ராத்தல் கழிக்கிறது?" என்றார்.

அடுப்பங்கரையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்து பாதியில் நின்றது. அக்கா பதறிப்போய் பையிலிருந்து டின்னை எடுத்து நடுவில் வைத்தாள்.

"ஏமாத்தணும்னு இல்லீங்கண்ணே. நாப்பது நாளும் நேரந்தவறாம குடிச்சான். தேத்தண்ணியைக்கூடத் தொடல. எழுதியிருக்குதுங்க, தம்பியே வாசிச்சான்."

அந்தப் பெண் வெளியே வந்தது. யாரையும் கேட்கவில்லை. டின்னை எடுத்து மூடியைத் திறந்து மோந்தது. முகத்தைச் சுளித்தது. உள்ளே போய் ஒரு முறத்தோடு வந்து, தூளைக் கொட்டி, வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து புடைத்தது. இரண்டு தட்டு, ஒரு ஊதல், ஒரு ஆட்டல். சுக்குத் தூள் ஒரு பக்கம் ஒதுங்கியது. நடுவில் கறுப்பாகக் கொஞ்சம், ஓரத்தில் செம்பட்டையாகக் கொஞ்சம் நார்.

"இது காம்பு" என்றது, அந்த நாரை விரலால் தொட்டு. "ரெண்டு வருசம் ஸ்டோர்ல ஒக்காந்து இதைத்தான் பொறுக்கினேன். இந்தக் கறுப்பு, தரையில கூட்டி அள்ளுற தூளு. சுக்கும் கருப்பட்டியும் போட்டு மறைச்சிருக்காங்க. இது தேயிலை."

"தேயிலை கலவாததுன்னு எழுதியிருக்கே!" என்றேன் நான். அந்த நிலையிலும் டின்னை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

அது என்னை நிமிர்ந்து பார்த்தது. "நீங்க எங்க வேலை செய்றீங்க?"

"ஸ்டோர்ல."

"ஸ்டோர்ல எங்க?"

"சல்லடைல."

"தெனமும் தேயிலையிலயே குளிக்கிறீங்க. நாப்பது நாளு தேயிலையையே குடிச்சிருக்கீங்க. தெரியல?"

"மூக்கு எப்பவும் அதுலயே இருக்கிறதுனால..." என்று இழுத்தேன்.

அவ்வளவுதான். அதற்கு மேல் அது அடக்கவில்லை, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தது. வெள்ளைச் சேலைக்கார அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மச்சானும் சிரித்துவிட்டார், துரோகி. எனக்கே, தேத்தண்ணி இல்லாமல் வந்த தலைவலி சூரணத்தில் போனது ஏன் என்று அந்த நிமிஷம்தான் விளங்கியது.

கங்காணியார் மட்டும் சிரிக்கவில்லை. "தூளும் பொய்யி, ஆளும் பொய்யி. எந்திரிங்க. மழை விட்டதும் பஸ்ஸு இருக்கு."

அக்கா அழ ஆரம்பித்தாள். நான் பனியனை மாட்டக் கையைத் தூக்கினேன்.

"அப்பா" என்றது அந்தப் பெண், முறத்தை இறக்கி வைக்காமலே. "வெயிலு நாள்லயும் எங் கூடையில மூணு ராத்தல் கழிக்கிறீங்களே, அது என்னாத்துக்கு?"

"அது கூடை எடை."

"கூடைக்குத்தான் தனியா ரெண்டு கழிக்கிறீங்களே?"

"அது தொரை உத்தரவு. நான் என்னா பண்றது?"

"அவருக்கு உங்க உத்தரவு. சதை வச்சுக்கிட்டு வான்னு நீங்கதான் சொன்னீங்க. அவரும் கெடைச்சதை வச்சுக்கிட்டு வந்திருக்காரு."

அந்தப் பெண்ணின் குரல் இப்போது மாறிவிட்டது.

"அக்கா கலியாணத்தன்னைக்கு மாமா எப்படி இருந்தாருன்னு நெனச்சுப் பாருங்க. கோட்டுப் பொத்தானைப் போட முடியாம ஊசி குத்தி வச்சோம். சதையைப் பாத்துத்தானே குடுத்தீங்க? எளைச்சது சீக்கு வந்த பொறகு."

அவர் மூத்த மகளைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். "ஆமாப்பா. நல்லா உருண்டையாத்தான் இருந்தாங்க."

துவாயை அந்த அம்மா எடுத்து அடுப்புப் பக்கம் விரித்தார்கள்.

"நெஞ்சு நல்லாருக்கான்னு தெரியணும்னா நெஞ்சைப் பாக்கச் சொல்லுங்க" என்றது பெண். "டிஸ்பென்சரியில ஐயா இருக்காரு. தராசு எதுக்கு?"

தோட்டத்து மருந்துக்கார ஐயா ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை முடித்துவிட்டு ரேடியோவுக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்தார். கங்காணியார் என்னைக் காய்ந்த பனியனோடு இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினார். ஐயா சலித்துக்கொண்டே குழாயைக் காதில் மாட்டி, என் நெஞ்சில் வைத்தார்.

"மூச்சை இழு."

இழுத்தேன். பயத்தில், தலைவலி எப்படி வந்தது, எப்படிப் போனது, சுக்கு எவ்வளவு இருந்தது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே இழுத்தேன்.

"பேசாம இழு."

முதுகில் வைத்தார். இரண்டு விரலால் தட்டினார். வெளிச்சத்தில் கண்ணை இழுத்துப் பார்த்தார். எத்தனை நாளாக இருமல், இரவில் வியர்க்கிறதா, எச்சிலில் ரத்தம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் நான் இல்லை என்று சொல்லும்போது, என் பின்னால் நின்ற கங்காணியார் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. என்னைவிட அவர்தான் பயந்திருந்தார். டின்னைப் பற்றி நான் மறுபடி ஆரம்பித்தேன். ஐயா குழாயைச் சுருட்டிப் பைக்குள் போட்டார்.

"நெஞ்சுல ஒண்ணுமில்ல கங்காணி. சுத்தமா இருக்கு. சிலருக்கு ஒடம்பு வாகே அப்படித்தான். இவனுக்கு வாய்தான் ஓயமாட்டேங்குது. அதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல."

"அதுக்கு எம் மக இருக்கா" என்றார் கங்காணியார்.

சொல்லிவிட்டு வெளியே போய்க் குடையை விரித்தார். அவர் சொன்னது என்னவென்று எனக்குப் படியிறங்கிப் பத்தடி போன பிறகுதான் உறைத்தது. நனைந்துகொண்டே நின்றுவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்து, "என்னா நிக்கிறீங்க, உள்ள வாங்க மாப்பிள்ளை" என்று குடையை என் பக்கம் சாய்த்தார். ஒரே குடைக்குள் இரண்டு பேரும் நனையாமல் போக முடிந்தது, நான் மெலிவு என்பதால்.